கயிற்றின் மறுமுனை

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. மனைவியின் உடன்பிறந்தவன். சொந்தத் தம்பி கூடாது. தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு. அண்ணன் மேலே வராமல் போனால் அவனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மச்சானுக்கு அப்படியல்ல. கயிறு நழுவினால் விதவையாவது அவனுடைய சகோதரி. ஒவ்வொரு படகிலும் இப்படித்தான் நடந்தது என்று யாரும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் ஒரு சமூகம் தன் பயத்தைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறது என்பதற்கு இந்தப் பேச்சு போதும்.

பாசம் என்று இதைச் சொல்லிவிடலாம். விதி பாசத்தை நம்பவில்லை என்பதுதான் விசேஷம். மச்சானுக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமலிருக்கலாம். சீர்வரிசையில் பாக்கி இருக்கலாம். அப்போதும் கயிறு அவன் கையில்தான். கீழே இருப்பவனின் மூச்சும் மேலே இருப்பவனின் லாப நஷ்டமும் ஒரே முடிச்சில் விழும்படி செய்துவிட்டால், மனிதர்களின் நல்ல குணத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முத்துச் சலாபத்தில் குளியாளுக்குக் கயிறுதான் எல்லாம். பதினைந்து, இருபது கிலோ எடையுள்ள கல்லில் காலை வைத்து இறங்குவான். தரை தட்டியதும் காலை விடுவிப்பான். மேலே இருப்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். இன்னொரு கயிற்றில் கூடை. ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவான். அந்த ஒரு வெட்டை மேலே ஒருவன் உணர வேண்டும். பாஷை அவ்வளவுதான்.

சுறாவுக்கு வேறு ஏற்பாடு. கடல்கட்டி என்று ஒருவர், மந்திரத்தால் மீனின் வாயைக் கட்டுபவர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மீனைக் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒன்று. அவர் சொல்லும் இன்னொரு விவரம் முக்கியமானது. கட்டு பகலுக்கு மட்டும்தான்; இரவில் அவிழ்த்துவிடுவார்கள். பாதுகாப்பு சதா கிடைத்துக்கொண்டிருந்தால் யாரும் அதற்குப் பணம் தர மாட்டார்கள் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. கடலில் இறங்குபவனைக் காப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிய பழைய ஸ்தாபனங்களில் இதுவும் ஒன்று. மந்திரம் பலித்ததோ இல்லையோ, குளியாள் பயமில்லாமல் இறங்கினான். கயிறு பிடித்தவனின் வேலை அப்படிப்பட்டதல்ல. அது பலிக்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

இந்தியக் கரையில் கடைசிச் சலாபம் 1961இல் தூத்துக்குடியில் நடந்தது. அதற்குச் சற்று முன்னரே கயிறு இல்லாத முழுக்கு இங்கே வந்துவிட்டது. 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞ்ஞானும் செய்த கருவி மனிதனை மேற்பரப்பிலிருந்து அவிழ்த்துவிட்டது. காற்று அவன் முதுகிலேயே இருந்தது. மகாதேவன், நாகப்பன் நாயர் என்ற இரு விஞ்ஞானிகள் அதைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு அப்பால் முத்துப் படுகைகளையும் சங்குப் படுகைகளையும் நேரில் பார்த்துக் குறித்தார்கள். விண்வெளியைப் பற்றி எழுதிய ஆர்தர் க்ளார்க் 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்ததற்கும் இந்த முழுக்குதான் காரணம். நீருக்குள் எடையற்று மிதப்பதில் அவருக்கு விண்வெளியின் ருசி கிடைத்தது. பின்னர் அங்கே முழுக்குக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் ஒரு நிறுவனத்தையும் நடத்தினார். கயிறு போனது ஒரு விடுதலைதான், சந்தேகமில்லை. ஆனால் கயிறு போனபோது அதன் மறுமுனையில் இருந்த ஆளும் போய்விட்டாரா என்பது எனக்கு இந்த வருஷம்தான் நேரான கேள்வியாக வந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் விடுமுறைக்குத் தீவு ஒன்றுக்குப் போய் ஸ்கூபா முழுக வேண்டும் என்கிறாள். நான்கு இடங்களின் விளம்பரங்களை அனுப்பி, "மாமா, நீங்கதான் கடற்கரைக்காரர், இதுல எதை நம்பிப் போகலாம்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். ராமநாதபுரத்திலிருந்து கடல் பஸ்ஸில் அரை மணி என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. விளம்பரங்களைப் பார்த்தேன். நான்கிலும் ஒரே மீன், ஒரே பவளம், கண்ணாடிக்குள்ளிருந்து சிரிக்கும் ஒரே முகம். போட்டோ இலவசம், வீடியோவுக்குத் தனிக் கட்டணம், மதியச் சாப்பாடு உண்டு. எல்லோரும் நீருக்குள் போன பிறகு படகில் யார் இருப்பார் என்பது மட்டும் எதிலும் இல்லை.

விமர்சனத்தில் ஆழம் என்ற சொல்லை நாம் எவ்வளவு சுலபமாகச் செலவழிக்கிறோம். கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதுகிறவர் முத்துக் குளித்து எழுந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்; காது அடைத்ததாக இதுவரை ஒருவரும் எழுதியதில்லை. கடலில் ஆழம் என்பது ஒரு கணக்கு. பத்து மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு, இருபதில் மும்மடங்கு. பழைய குளியாள் மேலிருந்து கொண்டுபோன காற்றோடு இறங்கினான். அது கீழே சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கே வரும். உருளைக் காற்று அப்படியல்ல. பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய வாங்கிய அந்தக் காற்று, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் இரு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது. ஆகவே முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பது. காற்று வெளியேறும் வழிகள் திறந்திருக்க வேண்டும். என் தங்கை மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இப்போது குறைந்திருக்கிறது, பையில் மருந்துக் குழல் இன்னும் இருக்கிறது.

நான்கு இடங்களுக்கும் போன் செய்தேன். ஊர்களைச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். பாடி என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி, பயிற்சி இல்லாதவரின் முதல் முழுக்கு 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. கடலில் ஓர் ஆசிரியருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. ஒரு இடத்தில் "கூட்டத்தைப் பொறுத்தது" என்றார்கள். படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, உருளையில் காற்று நிரப்பும் கம்ப்ரஸரின் வாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்திலா, உருளையைக் கடைசியாகச் சோதித்த தேதி அதன் கழுத்தில் பொறித்திருக்கிறதா, விபரீதம் நேர்ந்தால் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத் தொலைவு, பல முழுக்குகளுக்குப் பிறகு விமானம் ஏற 18 மணி நேரம் பொறுக்கவேண்டும் என்பதை டிக்கெட் எடுக்குமுன்பே சொல்வார்களா - இவற்றையும் கேட்டேன். பதில்கள் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. போனில் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள்.

இழுப்பைப் பற்றிச் சொன்னபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. இறங்குமுன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா உண்டா, இல்லையா. ஒரு இடத்தில் மிகுந்த பிரியத்தோடு, "அதுக்கு இல்லைன்னு போட்டுருங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அதனோடு கையெழுத்துக்கு இன்னொரு காகிதமும் உண்டு: எது நேர்ந்தாலும் ஸ்தாபனம் பொறுப்பல்ல. இந்த இரண்டாவது காகிதத்தை நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சான் கையில் கயிற்றைக் கொடுத்த ஏற்பாட்டின் நேர் எதிர் இது. அங்கே கீழே இருப்பவனின் நஷ்டம் மேலே இருப்பவனின் வீட்டுக்குள் வந்து விழுந்தது. இங்கே விழாதபடி முன்கூட்டியே வேலி கட்டிவிடுகிறார்கள். காகிதம் எல்லோரிடமும் உண்டு. அந்தக் காகிதம் கையில் இருந்தும், அது இல்லாததுபோல் நடந்துகொள்பவர் யார் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பெரியபட்டினத்தில் சங்கு குளித்து ஓய்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய வாப்பா தூத்துக்குடிச் சலாபத்துக்குப் போனவர். அவருக்குக் கயிறு பிடித்தவர் இவருடைய தாய்மாமன்தான். இவர் காலத்தில் கம்ப்ரஸர் வந்துவிட்டது: படகில் எஞ்சின், அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாயின் நுனி வாயில். காற்றோடு டீசல் வாடையும் வரும். நிறைய நேரம் கீழே இருக்கலாம், நிறையச் சங்கு எடுக்கலாம். மேலே வரும் வேகத்துக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. அவருக்கு இடது கால் இழுத்துக்கொண்டுதான் நடை.

"எப்படிப்பட்ட ஆளாப் பாக்கணும் பாய்?" என்று கேட்டேன்.

"கயிறு பிடிக்கிறவன் கடலப் பாக்கக் கூடாது தம்பி. கயித்தத்தான் பாக்கணும். பீடி குடிக்கக் கூடாது. பக்கத்து வள்ளத்துல பேச்சுக் குடுத்தா பதில் சொல்லக் கூடாது. எங்க மாமா கரையில வாய் ஓயாம பேசுவாரு. வள்ளத்துல ஏறுனா ஊமைதான்."

சற்று நேரம் கழித்து அவராகவே, "இன்னிக்கு எறங்க வேணாம்னு சொல்றானா பாருங்க. அப்படிச் சொன்னா அவனுக்கும் அன்னிக்குக் கூலி இல்லேல்ல" என்றார்.

ஆண்கடல், பெண்கடல் என்று ராமேஸ்வரத்தில் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். கச்சான் வீசும் மாதங்களில் அது யாரையும் ஏற்காது. வடக்கே பாக் நீரிணை பெண்கடல். வாடைக்காலத்தில் அதுவும் முரண்டு பிடிக்கும். வருஷம் முழுவதும் எந்த நாளிலும் முழுகலாம் என்று ஒருவர் எழுதினால் அவருக்குக் கடலைவிட வாடிக்கையாளரைத்தான் அதிகம் தெரியும்.

நான்கில் ஓர் இடம்தான் எங்களைத் திருப்பிக் கேள்வி கேட்டது. இழுப்பு கடைசியாக எப்போது வந்தது, மாடி ஏறினால் வருகிறதா, குளிர்ந்த காற்றில் வருகிறதா. பிறகு, நுரையீரல் டாக்டரின் எழுத்து இல்லாமல் கூட்டிப்போக மாட்டோம் என்றார்கள். எழுத்து இருந்தாலும் அன்றைய அலையைப் பார்த்துத்தான் என்றார்கள். படகில் யார் இருப்பார் என்று கேட்டேன். படகோட்டி, அவரோடு நீரில் இறங்காத இன்னொருவர், தலைகளை எண்ணுவது மட்டும்தான் அவர் வேலை என்று பதில். கட்டணம் நான்கில் இங்கேதான் அதிகம். நான் இதைத்தான் எழுதினேன். அவள் அதிருப்தியோடு, "அப்ப டாக்டர் வேண்டாம்னுட்டா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பதில் போட்டேன். அவளுடைய விருப்பத்துக்குக் குறுக்கே நிற்பதாக என் தங்கைகூட வருத்தப்பட்டாள்.

விடுமுறைக்கு வருபவருக்கு இப்படித் தேர்ந்தெடுக்க நாலு பேராவது இருக்கிறார்கள். இந்தக் கரையிலேயே இருப்பவர்களின் விஷயம் வேறு. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. மூடியதில் நியாயம் இருக்கிறது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 ஆண்டுகளின் வெப்பத்தில் மிச்சப் பவளமும் வெளுத்தது. ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைத்த பாம்பன், சின்னப்பாலம் பெண்களுக்கு அன்றிலிருந்து தங்கள் கடலில் இறங்குவதே குற்றமாகிவிடும் நிலை. அவர்களுக்கு உருளை இல்லை, கயிறும் இல்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குகிறார்கள். இடுப்பில் ஒரு பை. மரிக்கொழுந்துப் பாசியை உலோகக் கருவியால் சுரண்டுவதில்லை, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள்.

சின்னப்பாலத்தில் ஒருநாள் வெயில் ஏறியபின் அவர்கள் கரையேறுவதைப் பார்த்தேன். ஈரச்சேலையோடு பாசியைக் கொட்டினார்கள். பிறகு ஒருத்தி நின்று, கடலைப் பார்த்தபடி, பெயர் பெயராகச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. கடைசிக் குரல் வரும்வரை யாரும் எடை போட உட்காரவில்லை.