மீண்டும் ஆழத்திற்கு



நம் சவ்வாது மலை வாலிபர்களுடன் சென்ற தென்பயணத்தில் ஒருநாளை மணப்பாட்டில் கழித்தோம். திமிங்கிலம் தென்படுமா என்று பகலெல்லாம் கடலையே நோக்கியிருந்தார்கள், தென்படவில்லை.

2016 ஜனவரியில் இக்கரையோரம் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவை கூட்டம் பிரியாதவை. ஒன்று தடம் மாறினால் மற்றவையும் தொடரும். மீனவர்கள் அவற்றைப் படகுகளால் ஆழத்திற்கு இழுத்துச் சென்றார்கள். பல திரும்பி வந்தன, மீண்டும் இழுத்தார்கள். 40க்கும் மேற்பட்டவை மாண்டன. ஆயினும் சில பிழைத்தன.

நம் மலைப்பிள்ளைகளும் ஒருவர் பின் ஒருவராய்ச் செம்மரம் வெட்டச் செல்கிறார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுடப்பட்டு மாண்டதை மறக்கலாகாது. ஒருமுறை புத்தி சொல்லியதோடு ஓயாமல், பிழைக்க வழியும் தேடிக்கொடுத்து, அதே வீட்டுக் கதவை இவ்வாரமும் தட்டுவோம். கர்த்தர் நம் கைகளைப் பலப்படுத்துவாராக. ஆமென்.