முற்றத்துக் குரல்கள்

யாழ்ப்பாணத்து முற்றத்துப் பறவைகளை ஆளைக் காணுமுன் குரலால் அறியலாம். 1980களில் புறப்பட்டு ரொறன்ரோவில் குடியேறி, 35 ஆண்டு கழித்து வலிகாமத்துக்குத் திரும்புகிற ஒருவருக்கு இந்த வழியே எளிது. கிடுகு வேலி நின்ற இடத்தில் மதில் எழுந்திருக்கும். பிறந்த வீட்டு ஒழுங்கைகூடப் பிடிபடாது. விடியற்புறத்துக் குரல்கள் சட்டென்று பிடிபடும்.

முதலில் காகம். "காகம் கத்துது, ஆரோ வரப்போகினம்" என்பது அடுப்படிப் பேச்சு. அன்று அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளையே இன்று வந்திறங்கிய விருந்தாளி. அந்தக் கரைதல் நெஞ்சை அடைக்கும். சாம்பல் கழுத்து இருந்தால் அது வீட்டுக் காகம். குரல் கரகரத்தாலும் வகைப்பாட்டில் காகம் பாடும் பறவைகளோடு சேரும். குயில் அந்த வரிசையில் இல்லை.

"காகமும் கறுப்பு, குயிலும் கறுப்பு" என்ற பேச்சு ஆண் குயிலுக்கே பொருந்தும். ஆணுக்குப் பளபளக்கும் கருமையும் சிவந்த கண்ணும். பெண் தவிட்டு நிறம், உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. சித்திரையில் வேம்பிலிருந்து படிப்படியாக உயரும் கூவல் ஆணுடையது. பெண் 'கிக் கிக் கிக்' என்று படபடக்கும். முட்டை இடுவது காகத்தின் கூட்டில். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்றால், அந்தப் பொன் குஞ்சுகளில் ஒன்று குயிலுடையதாகவும் இருக்கும்.

நின்று பார்க்க வேண்டியது கரிக்குருவி. உடல் முழுதும் கருமை, நீண்ட இரட்டை வால், அலகின் மூலையில் சிறு வெள்ளைப் பொட்டு. இலங்கையில் இது பெரும்பாலும் வடக்குக்கும் வடமேற்குக் கரையோரத்துக்கும் உரியது. தெற்கிலிருந்து வருபவர் வழியில் காண்பது அடிவயிறு வெளுத்த அதன் உறவு. அதனால் முழுக்கருப்பன் மின்கம்பியில் தென்பட்டாலே ஊர் நெருங்கிவிட்டது எனலாம். கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைக் கவ்வித் திரும்ப அதே இடத்தில் அமரும். கூட்டுப் பக்கம் காகம் வந்தால் அதன் முதுகில் விழுந்து கொத்தி, ஒழுங்கை முடியும்வரை துரத்தும். காகங்களால் வருந்திய கரிக்குருவி இறைவனிடம் உபதேசம் பெற்று வலியான் ஆன கதை திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமாகவே உண்டு. இந்தத் துரத்தலைக் கண்டவருக்கு வலியான் என்ற பெயரின் நியாயம் உடனே விளங்கும்.

புலுனியைத் தேட வேண்டியதில்லை. மங்கிய தவிட்டு நிறத்தில், மஞ்சள் அலகோடு, ஏழெட்டாகச் சருகைக் கிளறியபடி கீச்சிட்டுக்கொண்டே நகரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம் இது. ரொறன்ரோவில் எத்தனை வசந்தம் காதைத் தீட்டி நின்றாலும் அந்தக் கீச்சு கேட்காது.

தூக்கணாங்குருவிக்குக் குரலைவிடக் கூடே அடையாளம். இனப்பெருக்க காலத்தில் ஆணின் உச்சி மஞ்சளாகும். மற்ற நாளில் ஆணும் பெண்ணும் பெண் சிட்டுக்குருவி போலவே இருக்கும். "குரங்குக்குப் புத்தி சொல்லித் தூக்கணாங்குருவி கூடு இழந்தது" என்ற பழமொழி அந்தக் கூட்டின் அருமையை வைத்தே எழுந்தது. கூட்டைப் பின்னுவது ஆண். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். வடலிகளுக்கு அப்பால் பனையோலை நுனியில் ஆடும் கூடுகளில் நுழைகுழாய் இல்லாமல் தலைக்கவசம் போல நின்றுபோனவை, பெண் ஏற்காமல் விட்டவை.