இருமொழிச் சீமைக்கு வரும் விருந்தினர்க்கு



கோடை விடுமுறையிலும் கிறிஸ்து பிறப்புக் காலத்திலும், அயல்நாடுகளில் வாழும் நம் உறவினர் தம் பிள்ளைகளோடும், சில வேளைகளில் அந்நாட்டு மருமக்களோடும் நம் இல்லம் நாடி வருகின்றனர். சிவகாசி நகரையும் ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தையும் காண விரும்பும் அவர்களுக்கு முன்கூட்டியே எதைச் சொல்வது என்று பலர் நம்மைக் கேட்டதுண்டு. நாம் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் மொழி. பெல்ஜியத் தலைநகராம் பிரசல்ஸில் தெருப்பெயர்கள் பிரெஞ்சு, டச்சு ஆகிய இரு மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கும். அங்கே செல்வோர் பலகையைப் பார்த்தே அது இருமொழி நகரென அறிவர். நம் கரிசல் சீமையும் இருமொழிச் சீமையே. ஆயினும் இங்குள்ள இரண்டாம் மொழி பலகையில் இராது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் வடக்கிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பலர், இன்றும் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசுகின்றனர். தெலுங்கைப் பேசுவோருள் அதை எழுதத் தெரிந்தவர் மிகச் சிலரே. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தவர். கரிசல் மக்களின் வாழ்வைத் தமிழில் எழுதி 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவரும் அவரே. ஆகவே விருந்தினர் 'வணக்கம்' என்ற சொல்லோடு, 'வாருங்கள்' எனப் பொருள்படும் 'ரண்டி' என்ற சொல்லையும் அறிந்து வரட்டும். வாசலில் அச்சொல்லைக் கேட்டால் தயங்காமல் உள்ளே செல்லலாம்.

இனி வழி. விமானத்தில் வருவோர்க்கு மதுரை வசதியானது. ரயிலில் வருவோர் மதுரை – திருநெல்வேலிப் பாதையில் சாத்தூரிலோ கோவில்பட்டியிலோ இறங்கலாம். சிவகாசிக்கே செல்வோர் விருதுநகர் – தென்காசிப் பாதையில் வரவேண்டும். ஏப்ரல், மே மாதங்களின் வெயிலைக் குளிர்நாட்டுக் குழந்தைகள் தாங்கார். டிசம்பர், ஜனவரி நலம். கொதித்து ஆறிய நீரையே கொடுங்கள். சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலைமிட்டாய் ஆகியவற்றைச் சுவைக்கத் தரலாம். ஆனால் நிலக்கடலை ஒவ்வாத குழந்தைகள் உண்டு. பெற்றோரைக் கேட்காமல் கடலைமிட்டாயைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அயல்நாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் உங்கள் வீட்டில் தங்கினால், 24 மணி நேரத்திற்குள் குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. உறவினர்தாமே என்று விட்டுவிட வேண்டாம்.

காண வேண்டியவையும் உண்டு. வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. கோவில்பட்டிப் பக்கம் செல்வோர் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா ஆலயத்தைக் காணட்டும். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் பணியாற்றிய ஊர் அது. அயலாராக வந்த அவர், இம்மண்ணின் மொழியைக் கற்று, அதற்கே அகராதி செய்து தந்தார்.

பெரும்பாலோர் கேட்பது பட்டாசு ஆலையைத்தான். இங்கே நாம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: அது வேடிக்கைக்கு உரிய இடமன்று. மருந்து கலக்கும் அறையில் ஓர் உராய்வு போதும். கைப்பேசி, தீப்பெட்டி, பட்டாடை, நைலான் ஆடை எதுவும் அங்கே ஆபத்தே. அனுமதியின்றி எவரையும் அழைத்துச் செல்லாதீர்கள். வாங்கிய பட்டாசை ரயிலிலோ விமானத்திலோ கொண்டு செல்வதும் குற்றமாகும். விருந்தினர் அதை இங்கேயே, பெரியவர் துணையோடு வெடித்து மகிழட்டும்.

எங்கேனும் புகை எழுந்தால் படம் எடுக்க ஓடவும் வேண்டாம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தவர் அல்லர். முதல் ஓசை கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இவ்வூர்களில், வானில் பூக்கும் ஒளியைக் கண்டு மகிழும் வீட்டுக்கு அடுத்த வீடே அதைச் செய்யப்போய்த் திரும்பாதவரின் வீடாக இருக்கக்கூடும்.

ஆதலால், தீக்காயத் தழும்புள்ள கையைக் கண்டால் விருந்தினர் படம் எடுக்க வேண்டாம்; அருகில் அமர்ந்து நலம் கேட்கட்டும். 1920களில் சிவகாசி இளைஞர் இருவர், அய்ய நாடாரும் சண்முக நாடாரும், தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். மொழி வேறான அந்த ஊரில் எவரோ அவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அதனால் பிழைத்த சீமை இது. இங்கு வரும் அயலாரிடம் நாமும் அந்தப் பொறுமையைக் காட்டுவோம். அவர் நம் மொழிகளைத் தப்பும் தவறுமாகப் பேசினாலும் சிரிக்காமல் திருத்திக் கொடுங்கள். ஊர் திரும்பும்போது அவர் வாயில் 'வணக்கம்', 'ரண்டி' என்ற இரு சொற்களும் நின்றால், அவர் நம் சீமையைக் கண்டவர் ஆவார்.