யாரைப் போல ஆக வேண்டும்?



என்னிடம் படித்த ஒருவர் போன வாரம் போன் செய்தார். ஒன்பதாவது படிக்கும் அவர் மகனுக்கு 'என் முன்மாதிரி மனிதர்' என்று ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். பையன் யூடியூபில் கார் ஓட்டிக் காட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். ஏன் என்று கேட்டால், "அவருக்கு இருபது லட்சம் பேர் இருக்காங்கப்பா" என்கிறானாம். வேறு யாரைச் சொல்லட்டும் டீச்சர் என்று கேட்டார்.

பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரிவதைத்தான் பிள்ளைகள் எண்ணுவார்கள். பெரியவர்களும் அதே கணக்கைப் போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. சபைக்குள்ளேயே பாருங்கள். கன்வென்ஷன் கூட்டத்துக்கு வைக்கும் ஃபிளெக்ஸில் பிரசங்கியாரின் முகம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. இயேசுவின் பெயர் கீழே ஒரு மூலையில், அச்சகத்தின் போன் நம்பருக்குப் பக்கத்தில்.

இது புதிய நோய் இல்லை. கொரிந்து சபையில் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்று அன்றைக்கே ரசிகர் மன்றம் வைத்துப் பிரிந்தார்கள். தனக்கும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று பவுல் மகிழவில்லை. உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டது நானா என்று கேட்டுக் கடிந்துகொள்கிறார். அதே நிருபத்தில் பிறகு, தன்னைப் பின்பற்றும்படியும் சொல்கிறார், தான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிற அளவுக்கு மட்டும். ஆக, முன்மாதிரி வேண்டாம் என்று வேதம் சொல்லவில்லை. முன்மாதிரி என்பவர் ஒரு கைகாட்டி மரம். அதன் அடியில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அன்று ஜனங்கள் இயேசுவைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தார்கள். அவர் தனியாக மலைக்கு ஏறிப் போய்விட்டார். யோவான் ஆறாம் அதிகாரம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொல்லிமலை நினைவுக்கு வரும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே பஸ்ஸில் ஏறி, ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்களில் பலர். அதே மலையில், வாழவந்தியில், ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். ஈவ்லின் லண்டனில் வசதியான வியாபாரிக் குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவர், அழகி என்றும் பெயர். 1913இல் ஜெஸ்ஸியைத் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலைக்குப் போனார். அன்றைக்கு அங்கே சாலை கிடையாது, மலேரியா மட்டும் தாராளம். வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்கக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினார் ஜெஸ்ஸி. 1929இல் மலேரியா முற்றி அவர் இறந்தார். அப்போது மூத்த மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையன்.

அந்த அம்மா ஊருக்குப் போய்விட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? போனார், திரும்பியும் வந்தார். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விடவில்லை. மட்டக்குதிரை மேலேறி, பிற்பாடு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றி, பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஊர் ஊராகப் போனார். 1974இல் 95 வயதில் இறக்கும்வரை இதுதான் அவர் வாழ்க்கை. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். ஓவியக்காரி, அழகி, கண்ணாடி வேண்டாம் என்கிறார்! (நம் கையிலுள்ள போனில் முன்பக்கமும் ஒரு கேமரா. இதை முகநூலில் எழுதிக்கொண்டு நான் சொல்வதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.)

மகன் பால் பிராண்டின் பெயரை வேலூர்க்காரர்கள் அறிவார்கள். 1946இல் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். அவர்கள் விரல்களை இழப்பதற்குச் சதை தானாக அழுகுவது காரணமல்ல, வலி தெரியாமல் காயப்படுத்திக்கொள்வதுதான் காரணம் என்று எடுத்துக்காட்டியவர். புகழ் அவருக்கும் வந்தது, உலகமே அழைத்தது. ஆனால் அவர் அதைத் தேடிக்கொண்டு வேலூருக்கு ரயில் ஏறவில்லை.

பணம் பாவம் என்றும் நான் சொல்லவில்லை. அரிமத்தியா ஊர் யோசேப்பு ஐசுவரியவான். இயேசுவை அடக்கம் செய்யத் தன் சொந்தக் கல்லறையைக் கொடுத்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் வேலூரில் திறந்த நாற்பது படுக்கை மருத்துவமனை, ஷெல் என்ற அமெரிக்க வங்கிக்காரர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில் எழுந்தது. உங்களிலும் இரண்டு பேர் பெயர் சொல்லாமல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறீர்கள். எனக்குத் தெரியும், இங்கே சொல்லமாட்டேன். ஷெல் ஐயாவை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவர் கொடுத்ததைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், சேர்த்ததைப் பார்த்து வேண்டாம். அந்தப் பையனிடமும் இதைத்தான் கேட்கச் சொன்னேன்: உனக்குப் பிடித்தவரிடமிருந்து காரையும் இருபது லட்சம் பேரையும் எடுத்துவிடு. மிச்சம் இருக்கிற ஆளைப் போல ஆக உனக்கு ஆசை உண்டா?

இனி உறவினர்களுக்கு. என் தங்கையின் பேத்தி டாக்டர் படிப்பு முடித்து, ஒரு மலையடிவாரத்துச் சின்ன மருத்துவமனைக்கு இரண்டு ஆண்டு வேலைக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறாள். சென்னையில் இதைப்போல் மூன்று மடங்கு சம்பளத்தில் ஒரு வேலை வந்ததை வேண்டாம் என்றுவிட்டாள். போன மாதக் கல்யாணத்தில் பந்தியிலேயே பேச்சு. "பிழைக்கத் தெரியாத பிள்ளை", "மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இது தேவையா?" அவள் அம்மா காதிலும் விழுந்து, பாவம், இலையில் வைத்த பாயசத்தைத் தொடவில்லை.

இதே ஆட்கள்தான் மிஷனரி ஞாயிறு வந்தால் கண் கலங்கி ஜெபிக்கிறவர்கள். கல்லறைக்குப் போன மிஷனரிக்கு மாலை, நம் வீட்டுப் பிள்ளை போனால் மட்டும் பிழைக்கத் தெரியாதவளா? கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெற்றவள் பயம் எனக்கும் புரிகிறது. அவளிடம் ராத்திரி டூட்டி, பாதுகாப்பு, தங்கும் இடம் எல்லாம் நானே கேட்டு வைத்திருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை காலை கிளம்புகிறாள். அங்கே ராத்திரியில் நல்ல குளிராம், கரண்டும் அடிக்கடி போகுமாம். ஒரு கம்பளியும் சார்ஜ் செய்கிற விளக்கும் நான் வாங்கிவிட்டேன். மழைக்கோட்டு இன்னும் வாங்கவில்லை. யாராவது கொடுக்க விரும்பினால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள், அவளும் இருப்பாள்.