போர் முடிஞ்சாச்சு... சேல் ஆரம்பம்!

'வல்லம்' என்று சொன்னதுமே, "தஞ்சாவூர் பக்கத்துல இருக்கே, அந்த வல்லமா?" என்று கேட்பீர்கள். அது இல்லீங்க. இது செஞ்சி பக்கத்து வல்லம். திண்டிவனத்தில் பஸ் பிடித்துத் திருவண்ணாமலை ரோட்டில் வந்தால், செஞ்சிக்கு முன்னாடி வருகிற ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைநகரம் என்ற பெருமையெல்லாம் உண்டு. ஆனால், டூரிஸ்ட் யாரும் இங்கே இறங்க மாட்டாங்க. எல்லாரும் நேரா கோட்டைக்குத்தான் டிக்கெட் எடுப்பாங்க. நீங்களும் அப்படியே போங்க, எங்க ஊருக்குக் கோபமே இல்லை!

கோட்டையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, ஒரு தடவை குனிஞ்சு உங்க பேன்ட்டைப் பாருங்க. தொடைப் பக்கம் பெரிய பெரிய பாக்கெட் வெச்ச கார்கோ பேன்ட்டா? அதுல பச்சையும் பழுப்புமா திட்டுத் திட்டா ஆர்மி பிரின்ட்டா? அப்படின்னா நீங்களும் செஞ்சிக் கோட்டையும் தூரத்துச் சொந்தம். எப்படின்னு சொல்றேன், வாங்க.

பாக்கெட் வந்த கதை

தொடையில் பாக்கெட் வைக்கும் ஐடியா எந்த ஃபேஷன் டிசைனருக்கும் உதித்தது கிடையாது. பிரிட்டிஷ் ராணுவம் 1938-ல் கொண்டுவந்த சீருடையில் அது வந்தது. அப்புறம் 1942 வாக்கில் விமானத்திலிருந்து குதிக்கும் அமெரிக்க வீரர்கள், சாப்பாடும் தோட்டாவும் திணித்துக்கொள்ள அதைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். நாம தினமும் காலேஜுக்குப் போடுற டி-ஷர்ட்கூட அமெரிக்கக் கடற்படை 1913-ல் சிப்பாய்களுக்குக் கொடுத்த உள்பனியன்தான்.

இதெல்லாம் நம்ம கைக்கு எப்படி வந்துச்சு? போர் முடிந்ததும் குடோன் குடோனாக மிச்சமிருந்த துணி, பூட்ஸ், கூடாரம், ஜீப் எல்லாவற்றையும் அரசாங்கங்கள் சல்லிசான விலைக்குத் தள்ளிவிட்டன. 'கிழியாது, விலை கம்மி' என்று தொழிலாளர்களும் மாணவர்களும் வாங்கி மாட்டினார்கள். அவங்க போட்டதைப் பார்த்துத்தான் ஃபேஷன்காரங்க காப்பி அடிச்சாங்க. நம்ம ஊரில் 'மிலிட்டரி டிஸ்போசல்' என்று சொல்கிறோமே, அந்த வியாபாரம்தான் இது.

போர்ச் சாமான் கை மாறுவது இரண்டாம் உலகப் போரில் ஆரம்பிச்ச சங்கதின்னு நினைச்சுடாதீங்க. செஞ்சிக்காரன் அதை 300 வருஷத்துக்கு முன்னாடியே பார்த்துட்டான்!

கோட்டையே விலைக்கு!

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பள்ளம் இருக்கும், அதன்மேல் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இப்பேர்ப்பட்ட கோட்டையை 1677-ல் சிவாஜி பிடித்தார். அவருடைய மகன் ராஜாராம், முகலாயப் படையிடமிருந்து தப்பி இங்கே வந்துதான் அரசு நடத்தினார். ஒளரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் முற்றுகையைத் தொடங்கி, 1698-ல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. எட்டு வருஷம்! நம்ம இன்ஜினீயரிங் டிகிரியை அரியர் இல்லாம ரெண்டு தடவை முடிச்சிருக்கலாம்.

இதில் முக்கியமான சமாசாரம் இனிமேல்தான். அதே 1690-ல், செஞ்சியில் இருந்த மராட்டிய அரசு, கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒரு கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றது. வாங்கியவர் மதராஸ் கவர்னர் எலிஹு யேல். ஆமாம், அமெரிக்காவின் யேல் யுனிவர்சிட்டிக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு அவர்கள் போட்ட கணக்கு செம டெரர்: பீரங்கியை வெடித்தால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம்! கம்பெனி சும்மா இருக்குமா? நல்ல பீரங்கியாகவும் நல்ல பீரங்கிக்காரராகவும் பார்த்து மதராஸிலிருந்து அனுப்பிவைத்தது. குண்டு விழுந்த எல்லைக்குள் சிக்கிய கிராமங்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை.

இன்னொரு பக்கம், செஞ்சியை முற்றுகையிட்ட ஜுல்பிகர் கானுக்கு வெடிமருந்து கொடுத்து உதவியதும் இதே கம்பெனிதான். உள்ளே இருப்பவரிடம் கோட்டை வாங்கு. வெளியே இருப்பவருக்கு மருந்து கொடு. வியாபாரிக்கு ரெண்டு பேருமே கஸ்டமர்தானே மச்சி!

1750-ல் செஞ்சி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1761-ல் ஆங்கிலேயர் கைக்கு. கொடி மாறிக்கொண்டே இருந்தது; கோட்டை பார்த்த வேலை மட்டும் மாறவே இல்லை. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைச் சுடணும், அவ்வளவுதான்.

தூண் போன ஊர்

பாண்டிச்சேரி பீச்சில் காந்தி சிலை முன்னாடி நின்று போட்டோ எடுக்காதவங்க யாரும் இருக்க முடியாது. அடுத்த முறை போகும்போது சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களைக் கொஞ்சம் கவனியுங்க. அவை எங்க ஊர்ப் பக்கத்துச் சரக்கு! செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. போரில் ஜெயித்தவன் அள்ளிக்கொண்டு போன கல், இன்றைக்கு அகிம்சைக்காரருக்குக் காவல் நிற்கிறது.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. போர்ச் சாமான் ரெண்டு விதமா கை மாறும். ஒண்ணு, ஆள் மாறும், வேலை மாறாது. இன்னொண்ணு, வேலையே மாறிடும். கோட்டை முதல் ரகம். தூண் ரெண்டாவது ரகம். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தை ஒரு ரவுண்டு வந்தால் பல விஷயம் புரியுது.

கடல்ல கொட்டிய மில்லியன் டாலர்

பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா அங்கே மலைபோலத் தளவாடங்களைக் குவித்து வைத்திருந்தது. போர் முடிந்ததும், 'கப்பலில் திருப்பி எடுத்துட்டுப் போற செலவுக்கு இங்கேயே வித்துடலாம்' என்று கணக்குப் போட்டது. அப்போது அந்தத் தீவுகளைச் சேர்ந்து ஆண்டவர்கள் யார் தெரியுமா? செஞ்சிக்காக அடித்துக்கொண்ட அதே பிரிட்டனும் பிரான்ஸும்! 'எப்படியும் விட்டுட்டுத்தானே போகப்போறாங்க, எதுக்குக் காசு?' என்று ரெண்டு பேரும் இழுத்தடித்தார்கள். கடுப்பான அமெரிக்கர்கள் லாரி, புல்டோசர், ஜீப் எல்லாவற்றையும் கடலில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் 'மில்லியன் டாலர் பாயின்ட்' என்றுதான் பெயர். டைவிங் அடிப்பவர்களுக்கு அது சொர்க்கம்.

கடலுக்குப் போகாத ஜீப்கள் பிழைத்துக்கொண்டன. அந்தப் போருக்காகத் தயாரானவை மட்டும் 6 லட்சத்துக்கும் மேல். பிலிப்பைன்ஸில் மிச்சமான ஜீப்களை நீட்டி, கலர் கலராகப் பெயின்ட் அடித்து 'ஜீப்னி' என்று ஷேர் வண்டியாக்கினார்கள். நம்ம நாட்டில் அந்த வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் செய்யத்தான் மஹிந்திரா கம்பெனி வண்டித் தொழிலில் இறங்கியது.

மெக்கானிக்கல், ஏரோ பசங்க காலரைத் தூக்கிக்கொள்ள ஒரு கதை. போர் முடிந்தபோது கான்பூரில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் குப்பை மாதிரிப் போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பப் பறக்கவே கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துவேறு வைத்திருந்தார்கள். பெங்களூரு ஹெச்.ஏ.எல். ஆட்கள் அதில் சுமார் 40 விமானங்களைச் சரி செய்து பறக்கவிட்டார்கள். 1948-ல் நம் விமானப்படையில் சேர்ந்தவை, 1968 வரை ஓடின. திறமைக்கு நூத்துக்கு நூறு. ஆனால், நம்ம அளவுகோலில் இது முதல் ரகம்தான். ஆள் மாறியது, வேலை மாறவில்லை.

சட்டக் கல்லூரி மக்களே, உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. 1946-ல் ஒரு பஞ்சாலைக் கம்பெனி, போரில் மிச்சமான விமான உலோகக் கழிவை 10 லட்சம் ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. இரண்டரை லட்சம் முன்பணமும் கட்டியது. மீதியைக் கட்டவில்லை. முன்பணம் அம்போ! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-ல்தான் முடிந்தது. 'ஹனுமான் காட்டன் மில்ஸ்' வழக்கு என்று நீங்கள் படிப்பது இந்தப் பழைய இரும்புப் பேரத்தைத்தான்.

ஐ.என்.எஸ். விக்ராந்த் கதையில் ரெண்டு ரகமும் உண்டு. பிரிட்டன் போருக்காகக் கட்ட ஆரம்பித்து, போர் முடிந்ததால் பாதியில் விட்ட கப்பல் அது. இந்தியா 1957-ல் வாங்கி, 1961-ல் படையில் சேர்த்தது. 1971 போரில் பங்கெடுத்து, 1997-ல் ஓய்வு பெற்று, கொஞ்ச வருஷம் மியூசியமாக இருந்து, 2014-ல் உடைக்கப் போனது. அந்த உலோகத்தில் கொஞ்சம் உருகி, 2016-ல் பஜாஜ் 'வி' பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் வந்து உட்கார்ந்தது. பார்க்கிங்கில் அந்த பைக்கைப் பார்த்தால் ஒரு சல்யூட் போடுங்க.

பத்து உயிர்

எல்லா இரும்பும் இப்படிச் சமர்த்தாக உருகுவதில்லை. 2004 செப்டம்பர் 30. டெல்லிக்குப் பக்கத்தில் காஜியாபாத். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்புக் குவியலில் வெடிக்காத குண்டுகளும் கலந்திருந்தன. உருக்காலையில் அது வெடித்து, 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். எங்கேயோ யாரோ போட்ட சண்டைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூலிக்கு இரும்பு அள்ளிப் போட்டவர்கள். அதற்குப் பிறகுதான் பழைய இரும்பு இறக்குமதிக்குக் கப்பலேற்றும் முன்பே பரிசோதனை என்று விதிகள் இறுகின.

குண்டைச் செய்தவன் காசு பார்த்தான். சுட்டவன் போரை முடித்தான். கழிவை விற்றவன் லாபம் பார்த்தான். கடைசியாகக் கை வைத்தவனுக்கு மட்டும் அது இன்னும் குண்டாகவே இருந்திருக்கிறது. 'உள்ளே என்ன இருக்கு?' என்று கேட்பது கடைக்கோடித் தொழிலாளியின் வேலை கிடையாது. அதை முதலிலேயே பார்த்துச் சொல்ல வேண்டியது இன்ஜினீயர். அதாவது, நாளைக்கு நீங்களும் நானும்!

சட்டை மேட்டர்

இப்ப உங்க ஆர்மி பிரின்ட்டுக்கு வருவோம். 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் போட்டிருந்தது ராணுவ உடை. அதற்கப்புறம் ராணுவமே பொதுமக்களையும் கடைக்காரர்களையும் பார்த்து, 'எங்க டிரெஸ் மாதிரி போடாதீங்க, விற்காதீங்க' என்று கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரியில் புது டிசைன் சீருடை வந்த பிறகு, கண்டவர்களும் தைத்து விற்க முடியாதபடி அந்த டிசைனுக்கு உரிமையும் பதிவு செய்துகொண்டது. ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த உடையைப் போடுவது சட்டப்படி குற்றம்.

அதுக்காகக் கார்கோ பேன்ட்டையே தலைமுழுகச் சொல்லலை பாஸ்! பாக்கெட் வைத்த பேன்ட் வேலை மாறிய சாமான். தோட்டா இருந்த இடத்தில் நம்ம மொபைலும் ஹால் டிக்கெட்டும் இருக்கு, சந்தோஷம். ஆனால், நிஜச் சீருடைத் துணிக்கு வேலை மாறவே மாறாது. அதைப் பார்த்ததும் கேட்டைத் திறந்துவிட ஒரு காவலாளி இருக்கிறவரைக்கும் அது ஆயுதம்தான்.

எதை வாங்கினாலும் ஒரே கேள்வி கேளுங்க: இதுக்கு ஆள் மட்டும் மாறியிருக்கா, வேலையும் மாறியிருக்கா? ராஜகிரி உச்சியில் ஒரு பழைய பீரங்கி இருக்கு. அது கடைசியா எப்போ யாரைச் சுட்டுச்சோ தெரியாது. இப்ப அதுக்கு ஒரே ஒரு டியூட்டிதான்... பக்கத்துல நிக்கிறவங்களோட செல்ஃபியில சிரிக்கிறது!

எப்படிப் போறது?

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், திண்டிவனம் வழியாகப் போவதாகப் பார்த்து ஏறினால் செஞ்சியில் இறங்கலாம். பாண்டிச்சேரியிலிருந்தும் பஸ் உண்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'மராட்டிய ராணுவ நிலப்பரப்பு' என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒண்ணே ஒண்ணு இங்கே. அதனால கெத்தாவே போகலாம். காலையிலேயே ஏறிடுங்க, மதியம் பாறை கொதிக்கும். தண்ணி பாட்டில் கட்டாயம். திங்கிற பண்டத்தைக் கையில் ஆட்டிக்கிட்டுப் போனீங்கன்னா குரங்குங்க பிடுங்கிடும், ஜாக்கிரதை. பத்திரமா கார்கோ பாக்கெட்டுல போட்டுக்கோங்க. அதுக்குத்தானே அது இருக்கு!