மஞ்சுவின் தலை ஏன் மொட்டையானது?



பொங்கலுக்கு நானும் பேத்தியும் எடுத்துப் போட்ட போட்டோவைப் பார்த்து வாழ்த்து சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆனால் பாதிப் பேர் எங்களைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த கூண்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள். “டீச்சர், அந்த மஞ்சள் லவ் பேர்ட்ஸுக்குத் தலையில முடியே இல்லையே, இன்னா ஆச்சு?” என்று ஏழெட்டுப் பேர் கேட்டிருந்தீர்கள். என் நாத்தனார் மகளோ, “எங்க வீட்லயும் இப்படித்தான் கொட்டுது அத்தை, மருந்து இருந்தா சொல்லுங்க” என்று போன் செய்தாள்.

அப்போது பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. “சண்டை போட்டுச்சு, சரியாயிடும்” என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அது முழு உண்மை இல்லை. இப்போது சித்திரை பிறக்கப் போகிறது, மஞ்சுவின் தலையில் இறகு முளைத்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் வில்லியனூர் தேர் முடிந்த வாரம், பேத்தி அடம் பிடித்தாள் என்று டவுனில் ஒரு கடையில் ஆறு குருவிகள் வாங்கினோம். “மூணு ஜோடிம்மா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன். மஞ்சு, நீலி, மல்லி, பாப்பா, ராஜா, மணி என்று பேத்தி பெயர் வைத்தாள். இரண்டடி நீளக் கூண்டு, ஒரு தினைக் கிண்ணம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். டி.வி. இருக்கும் ஹாலிலேயே மாட்டினோம்.

முதலில் ஒரு சின்னப் பாடம். நாம் எல்லோரும் இவற்றை லவ் பேர்ட்ஸ் என்கிறோம். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை, உருவம் இன்னும் கொஞ்சம் பருமன். நம் வீடுகளில் இருப்பது பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1840இல் ஜான் கௌல்ட் என்ற பறவை அறிஞர் அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் உலகம் முழுக்கக் கூண்டில் ஏறியது. காட்டில் கூட்டம் கூட்டமாகத் தண்ணீர் தேடிப் பறக்கும், மரப் பொந்தில் முட்டையிடும். இந்தப் பொந்து விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. காலையில் நான் காபி குடிக்கும்போது ஆறும் சேர்ந்து கத்தும் கத்தலில் எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். கார்த்திகை மாதம், “பானை கட்டினா குஞ்சு பொரிக்கும்” என்று யாரோ சொன்னார்கள். பேத்தி குஞ்சு பார்க்கட்டுமே என்று இரண்டு மண்பானை வாங்கி, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் கட்டினேன். என் தவறு அங்கேதான் தொடங்கியது.

ஒரு வாரத்தில் மஞ்சுவின் தலையில் இறகு குறைய ஆரம்பித்தது. இறகு உதிர்க்கும் காலம் என்று நினைத்தேன். பத்து நாளில் உச்சந்தலை பளபளவென்று தோல் தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சுத் தடவு” என்றார். தடவினேன். அது இறகெல்லாம் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கியது.

பிறகுதான் உட்கார்ந்து கவனித்தேன். மேல்பானை வாசலில் நீலி உட்கார்ந்திருப்பாள். யார் கிட்டே வந்தாலும் பாய்ந்து கடிப்பாள். மஞ்சுவின் தலையைக் கொத்தியதும் அவள்தான், மல்லியின் கால் விரலைக் கடித்ததும் அவள்தான். “இவதான் சண்டைக்காரி” என்று முடிவு செய்தேன். 35 வருடம் வகுப்பு நடத்தியவளுக்கு ஒரு முரட்டுப் பிள்ளையைக் கண்டுபிடிக்கத் தெரியாதா! நீலியைப் பிடித்துச் சின்னக் கூண்டில் அடைத்துச் சமையலறையில் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பானையைச் சுத்தம் செய்யலாம் என்று கை விட்டேன். உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. இரண்டு உடைந்திருந்தன, ஒன்று ஜில்லென்று கிடந்தது.

நீலி சண்டைக்காரி இல்லை. முட்டைக்குக் காவல் இருந்திருக்கிறாள். அடைகாக்கும் 18 நாளும் பெண்தான் பானையை விட்டு நகராமல் உட்காரும், ஆண் தினையைத் தின்று கக்கி ஊட்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளை எடுத்துவிட்டால் சண்டை நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. காலியான மேல்பானைக்கு மல்லியும் பாப்பாவும் போட்டி போட்டார்கள். மார்கழியில் ஒரு நாள் காலை கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தால், கூண்டின் அடித் தட்டில் பாப்பா கிடந்தாள். கழுத்திலும் காலிலும் ரத்தம். ஆறில் அவள்தான் சின்னவள்.

இந்தக் குருவியின் எடையே முப்பது, நாற்பது கிராம்தான். உடம்பின் மொத்த ரத்தமும் ஒரு தேக்கரண்டி இருக்காது. நமக்குச் சிராய்ப்பாகத் தெரியும் காயம் அதற்கு உயிர்க் காயம்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்தாள். கொய்யா மரத்தடியில் புதைத்த இடத்தைக் காட்டினேன். அழவில்லை. “ஆயா, பாப்பா அடி வாங்கும்போது வெளியே ஓட வழி இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

மறுநாளே மஞ்சுவை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, ஆட்டோ பிடித்துக் குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். மாடு, ஆடு, நாய் வரிசையில் நான் ஒரு குருவியோடு. சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. என் கடைசி மகள் வயதிருக்கும் ஒரு டாக்டரம்மா, தலையைப் பார்ப்பதற்கு முன் என்னிடம் கேள்வி கேட்டார். எத்தனை பெண், எத்தனை ஆண்? எத்தனை பானை? எத்தனை கிண்ணம்? ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கு அணைப்பீர்கள்?

மூன்று ஜோடி என்றேன். மற்ற குருவிகளின் போட்டோவைக் காட்டச் சொன்னார். போனில் காட்டினேன். பார்த்துவிட்டு, “நாலு பெண், ரெண்டு ஆண் டீச்சர்” என்றார். அலகுக்கு மேல், மூக்குத் துளை இருக்கும் மெத்தென்ற பகுதியைப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சாக இருக்கும்போது சரியாகத் தெரியாது. வெள்ளை, மஞ்சள் நிறக் குருவிகளில் சில ஆண்களுக்கு வளர்ந்த பிறகும் அது இளஞ்சிவப்பாகவே இருக்கும். ஆண்கள் பெரும்பாலும் சாது. பானைக்காகப் பெண்கள் போடும் சண்டைதான் உயிர் போகும் சண்டை.

அவர் சொன்னதில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. காட்டில் ஒரு பொந்துக்கு இரண்டு பெண்கள் சண்டை போட்டால் தோற்றவள் பறந்துபோய் வேறு பொந்து தேடுவாள், அதோடு சண்டை முடிந்துவிடும். கூண்டில் தோற்றவளும் ஜெயித்தவளின் எதிரிலேயே உட்கார வேண்டும். போக இடமில்லாததால் சண்டை முடிவதே இல்லை. பேத்தி கேட்டதும் இதைத்தானே!

இனி, கேட்டவர்களுக்காக, இறகு உதிர்வதைப் பார்க்கும் முறை. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. உடம்பு முழுக்க அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, ஊசி ஊசியாகப் புது இறகு தெரிந்தால் அது இயற்கையான இறகு மாற்றம். தோல் வெறுமையாகத் தெரியாது. பயம் வேண்டாம்.

2. தலையும் பிடரியும் மட்டும் மொட்டை என்றால் வேறொரு குருவியின் வேலை. எந்தக் குருவியும் தன் தலையைத் தன் அலகால் கொத்த முடியாது. சண்டையாகவும் இருக்கலாம், ஜோடி அளவுக்கு மீறிக் கோதுவதாகவும் இருக்கலாம்.

3. மார்பு, இறக்கைக்கு அடிப்பக்கம் என்று அலகு எட்டும் இடமெல்லாம் மொட்டை, தலை மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் அது தன்னைத் தானே பிடுங்குகிறது. தனிமை, சலிப்பு, பயம், அரிப்பு, நோய் என்று பல காரணம் இருக்கலாம்.

4. அலகைச் சுற்றியும் காலிலும் தேன்கூடு மாதிரி சொரசொரவென்று வெள்ளைப் பொருக்கு இருந்தால் பூச்சி. மற்றவற்றுக்கும் ஒட்டும். டாக்டர் எடை பார்த்து மருந்து தருவார். நாமே வாங்கி ஊற்றக் கூடாது.

5. இளங்குஞ்சுக்கு வால் இறகும் இறக்கை இறகும் கொட்டிப் பறக்க முடியாமல் போனால் வைரஸாக இருக்கலாம். உடனே தனியாக வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

எண்ணெய் மட்டும் எதற்கும் தடவாதீர்கள். இறகு ஒட்டிப்போனால் உடம்புச் சூடு நிற்காது, கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

வீட்டுக்கு வந்ததும் செய்தவை இவை. பானை இரண்டையும் அவிழ்த்தேன். அப்போது உள்ளே முட்டையோ குஞ்சோ இல்லை, இருந்தால் அப்படி அவிழ்க்கக் கூடாது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி நான்கடி நீளத்துக்குக் கூண்டு செய்தேன். இவை மேலும் கீழும் பறப்பவை அல்ல, நேராகப் பறப்பவை. அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். இரண்டு மூலையிலும் தனித்தனிக் கிண்ணம். பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு வேப்பங்கிளை வைத்தேன். நாள் முழுக்க அதன் பட்டையை உரிப்பதிலேயே பாதி கோபம் தீர்ந்துவிடுகிறது. வெறும் தினையோடு நிறுத்தாமல் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் கொடுக்கிறேன். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், சுண்ணாம்புச் சத்துக்கு அதைக் கம்பியில் கட்டிவிட்டேன். ஹாலிலிருந்து கூண்டைப் பின் வராந்தாவுக்கு மாற்றி, ஆறரைக்கெல்லாம் துணி போட்டு மூடிவிடுகிறேன். இரவில் நீண்ட நேரம் வெளிச்சம் இருந்தால் முட்டையிடும் காலம் என்று நினைத்துக்கொள்ளுமாம். எங்கள் சீரியல் வெளிச்சமும் சண்டைக்கு ஒரு காரணம்!

ஜோடியில்லாமல் நின்ற மல்லியை, ஓர் ஆண் குருவி தனியாக இருந்த என் தம்பி வீட்டுக்குக் கொடுத்தேன். நீலியைப் புதுக் கூண்டில் மற்றவர்களோடு சேர்த்தேன். முதல் நாள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் நீலியும் மஞ்சுவும் ஒரே கிளையில் தூங்கினார்கள். ஒரு பானை வாசலுக்காக அவ்வளவு பகை!

இந்த வருடம் பானை கிடையாது. வைக்க நினைப்பவர்களுக்கு டாக்டரம்மா சொன்ன கணக்கு: ஜோடிக்கு இரண்டு பானை, எல்லாம் ஒரே உயரத்தில். உயரமான பானைதான் எல்லோருக்கும் வேண்டும். உபரிப் பெண் ஒன்றுகூடக் கூண்டில் இருக்கக் கூடாது.

“பேசாம பறக்க விட்டுடுங்க டீச்சர், புண்ணியம்” என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். வேண்டாம். கூண்டிலேயே பிறந்தவை நம் ஊரில் இரை தேடத் தெரியாமல் பட்டினி கிடக்கும், இல்லாவிட்டால் காக்கைக்கு இரையாகும். அதேபோல, பனைமரப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்து வளர்ப்பவர்கள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் உண்டு. 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். என் மாணவர் யாரும் அதைச் செய்யக் கூடாது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது.

பாகூர் கொம்யூனில் நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். தினமும் சாப்பாட்டு மணிக்கு அங்கே அடிதடி. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதும் முன்னால் நின்று தள்ளுவான். ஒரு வாரம் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அவன் அம்மாவை நடவு வேலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பிக் கண்டித்தேன். அன்றைய கூலி அவருக்குப் போனது. ஒன்றாம் வகுப்பில் இருந்த தங்கைக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கத்தான் அவன் முன்னால் நிற்கிறான் என்று ஆயாம்மா பிறகு சொன்னார். “சரி, சரி” என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் இரண்டாவது குழாய் வந்தது. சண்டை நின்றது. என் கண்டிப்பால் நின்றது என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜில்லென்ற அந்த முட்டையைக் கையில் வைத்திருந்தபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

பெயர் எழுத மாட்டேன். இதைப் படித்தால் உனக்கே தெரியும். அன்றைக்கு நான் எண்ண வேண்டியது குழாயை, உன் குற்றங்களை அல்ல. என்னை மன்னித்துவிடு, தம்பி. உன் அம்மா இருந்தால் அவரிடமும் சொல்.

வீட்டுக்கு வர முடிந்தால் வா. மற்றவர்களும் வாருங்கள், வில்லியனூரில் இறங்கிப் போன் செய்தால் எங்கள் வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வருவார். மஞ்சுவின் தலையை நேரிலேயே பார்க்கலாம். இப்போது சீப்பு வைத்து வாரலாம் போல இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்