கப்பல் தரைதட்டினா கேப்டன் காலி!

அரியர் வெச்சிருக்கீங்களா பாஸ்? அப்ப முதல்ல இந்தக் கதையைக் கேளுங்க.

1908, ஜூலை மாதம். பிலிப்பைன்ஸில் படங்காஸ் துறைமுகம். ராத்திரி நேரம். அமெரிக்கக் கடற்படையின் 'டிகேட்டர்' என்கிற சின்னப் போர்க்கப்பல் உள்ளே நுழைகிறது. கப்பலுக்குப் பொறுப்பு 23 வயசு இளைஞர் ஒருத்தர். நம்ம காலேஜில் எம்.இ. படிக்கிற சீனியர் வயசுதான். கரையில் தெரிகிற அடையாளங்களைக் குறிபார்த்து, கப்பல் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்க வேண்டும். அவர் அதைச் செய்யலை. 'ஏறக்குறைய இங்கேதான் இருக்கோம்' என்று கண்மதிப்பாக ஓட்டினார். கடல் ஏறுகிறதா, இறங்குகிறதா... அதையும் பார்க்கலை. கொஞ்ச நேரத்தில் ஆழம் பார்க்கிற மாலுமி குரல் கொடுத்தார், கப்பல் நகரலை என்று. சேற்றில் சொருகிக்கொண்டது!

எவ்வளவோ முயற்சி பண்ணியும் அசையலை. நீங்களும் நானும் என்ன பண்ணியிருப்போம்? அழுதிருப்போம். அவர் மேல்தளத்தில் ஒரு கட்டிலைப் போட்டுத் தூங்கிவிட்டார்! மறுநாள் ஒரு சின்ன நீராவிக் கப்பல் வந்து இழுத்து விட்டது. அப்புறம் கோர்ட் மார்ஷல். கடமையில் அலட்சியம் என்று தீர்ப்பு. கண்டனம். அவ்வளவுதான், வேலை போகலை.

அந்த இளைஞர் பெயர் செஸ்டர் நிமிட்ஸ். பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவின் பசிபிக் கடற்படையையே நடத்தினவர். 1945 செப்டம்பர் 2-ம் தேதி ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்கா சார்பில் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான். கையெழுத்துப் போட்ட இடம் 'மிசௌரி' போர்க்கப்பல்.

அந்த 'மிசௌரி'யும் தரைதட்டிச்சு பாஸ்! 1950 ஜனவரி 17. வர்ஜீனியா மாநிலக் கடற்கரையோரம், எல்லாரும் வேடிக்கை பார்க்கிற தூரத்தில், 45,000 டன் கப்பல் சேறும் மணலுமான திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வெளியே இழுக்க இரண்டு வாரம் ஆச்சு. கூட இருந்த அதிகாரிகள் எச்சரித்துப் பார்த்தும் கேப்டன் காதில் வாங்கலை. கோர்ட் மார்ஷலில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சீனியாரிட்டி வரிசையில் 250 இடம் கீழே தள்ளிவிட்டார்கள்.

கடற்படையில் இது எழுதி வைத்த விதி. கேப்டன் வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க முடியாது. அவர் தூங்கும்போது வேறு யாரோ ஓட்டினாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

'இது என்ன அநியாயம்?' என்றுதான் எனக்கும் முதலில் தோணிச்சு. 'கார்டியன்' கதையைப் படித்தபோது இன்னும் அதிகமாகத் தோணிச்சு.

'கார்டியன்' ஒரு கண்ணிவெடி அகற்றும் கப்பல். காந்தத்தால் வெடிக்கிற கண்ணிகளிடம் மாட்டக் கூடாது என்பதற்காக உடம்பையே மரத்தில் செய்து, மேலே ஃபைபர் கிளாஸ் பூசியிருப்பார்கள். 2013-ல், அதே ஜனவரி 17, விடியற்காலை இரண்டரை மணி வாக்கில், பிலிப்பைன்ஸின் டுபட்டாஹா பவளப்பாறையில் போய் ஏறியது. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது. 79 பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் கப்பலை இழுக்க முடியலை. அங்கேயே துண்டு துண்டாக வெட்டித்தான் எடுத்தார்கள். 2,300 சதுர மீட்டருக்கு மேல் பவளப்பாறை நாசம். பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கா 8.7 கோடி பெசோ நஷ்ட ஈடு கொடுத்தது.

காரணம்? டிஜிட்டல் வரைபடத்தில் அந்தப் பாறையையே சுமார் 8 கடல் மைல் தள்ளிக் குறித்திருந்தார்கள்! வரைபடம் போட்டது கப்பல்காரர்கள் இல்லை, வேறொரு அரசு அமைப்பு. அப்புறம் ஏன் கேப்டன் உள்பட நாலு பேரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள்?

விசாரணையில் வந்த பதில் என்னை உலுக்கிடுச்சு. கப்பலில் இருந்த இன்னொரு வரைபடத்தில் பாறை சரியான இடத்தில் இருந்திருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகலையே என்று யாரும் நின்று யோசிக்கலை.

ஏன் உலுக்கியது என்று சொல்கிறேன். போன செமஸ்டர் மினி புராஜெக்ட். கோட்டைப் பார்த்து ஓடுகிற ரோபோ. நான்தான் டீம் லீடர். ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி, ஒயரிங் பண்ணிக்கொண்டிருந்த நண்பன் கேட்டான், "டேய், நீ குடுத்த படத்துல ஒரு பின் நம்பர், டேட்டாஷீட்ல வேற நம்பர் இருக்குடா." நான் நெட்டிலிருந்து இறக்கின படம் அது. எனக்குத் தூக்கம். "படத்துல இருக்கிற மாதிரியே போடு மச்சான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். (நிமிட்ஸ் தூங்கியது தரைதட்டின பிறகு. நான் அதுக்கு முன்னாடியே!)

காலையில் ஸ்விட்சைப் போட்டதும் புகை. சார் நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம்: "ஒயரிங் அவன் பண்ணினது சார்."

அவன் ஒரு வார்த்தை பேசலை. முந்தின ராத்திரி கேட்டதைக்கூடச் சொல்லலை.

ஒரு விஷயம் ஒத்துக்கணும். இன்றைக்கு ஒரு நிமிட்ஸ் தரைதட்டினால் தப்பிப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவர் மாட்டினது சேறு. ஒரு உயிர் போகலை, ஒரு பவளம் உடையலை. அந்தக் கருணை எல்லாருக்கும் கிடைக்கணும் என்று ஆசைதான், நானே தேவைப்படுகிற பார்ட்டி ஆச்சே! ஆனால் கருணை கேட்கிறதுக்கு முன்னாடி 'தப்பு என்னுது' என்று சொல்லியிருக்கணும் இல்லையா?

இரண்டு வாரம் கழித்து சாரிடம் போய்ச் சொன்னேன். "சரி, போ" என்றார். மார்க் எதுவும் மாறலை.

'கார்டியன்' கதையை அந்த நண்பனிடம்தான் முதலில் சொன்னேன், கேன்டீனில். முழுசாகக் கேட்டான். டீயை வைத்துவிட்டு, "அப்ப நீ கேப்டனா?" என்றான்.

சிரிக்கலை.